லண்டனில் இருந்து வந்து வன்னியில் முன்பள்ளி கட்ட உதவலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

முல்லைப்பேத்தி எழுதியது:

வணக்கம் உறவுகளே. நான் லண்டனில் பிறந்தவள். அம்மம்மாவின் ஊர் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் திருத்துங்கள்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒன்பது பேர் சேர்ந்து வெளிநாட்டில் ஏதாவது ஊர்ப்பொதுக் கட்டட வேலைக்குத் தொண்டர்களாகப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இதை ஒழுங்கு செய்கிற நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன. ஆளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு கிழமை ஆபிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ அனுப்புவார்கள். தெரியாத ஒரு நாட்டுக்குப் போவதை விட எங்கள் வன்னிக்கே போகலாமே என்று நான்தான் சொன்னேன். அம்மம்மாவின் ஊரில் முன்பள்ளி இன்னமும் தகரக் கொட்டிலில் நடக்கிறது. போன முறை போனபோது உள்ளே நிற்க முடியவில்லை, அவ்வளவு வெக்கை. அதில் முப்பது பிள்ளைகள் இருந்து பாடுகிறார்கள்.

எங்களுக்கு டிசம்பரில் மூன்று கிழமை விடுமுறை. ஒன்பது பேரில் ஒருவருக்கும் கட்டட வேலை தெரியாது, ஆனால் எல்லாரும் உடம்பு வளைத்து வேலை செய்யக் கூடியவர்கள். காசும் சேர்த்துக்கொண்டு வருவோம். இது நடக்கக் கூடிய காரியமா? எங்கே தொடங்குவது?

காட்டாமணக்கு எழுதியது:

தங்கச்சி, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் நேராகச் சொல்கிறேன். ஒன்பது பேரின் விமான ரிக்கற் காசை ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள். அதோடு அந்தக் கட்டணத்தையும் கூட்டுங்கள். அந்தக் காசை ஊருக்கு அனுப்பினால் முன்பள்ளிக்குச் சுவரும் எழும், கூரையும் ஏறும், கக்கூசும் வரும், வேலை செய்த பத்துக் குடும்பத்தில் அடுப்பும் எரியும். நீங்கள் வந்து மண் சுமந்தால் அந்தப் பத்துக் குடும்பத்தின் கூலியைத்தான் எடுக்கிறீர்கள்.

நான் வவுனியாவில் கடை வைத்திருக்கிறேன். 2010இலிருந்து இப்படி எத்தனை குழுக்கள் ஏ9 வீதியால் போய் வந்ததைப் பார்த்தவன். நல்ல பிள்ளைகள்தான். ஆனால் காசு அனுப்புவதே மேல் என்பது என் எண்ணம்.

வடதுருவம் எழுதியது:

காட்டாமணக்கு அண்ணை சொல்வதில் பாதி சரி. மற்றப் பாதிக்கு வருமுன் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன், தங்கச்சிக்கு உதவும்.

2013 டிசம்பர். நோர்வேயில் இருந்து பதினான்கு பேர் போனோம், ஒரு பாடசாலைக்கு மலசலகூடம் கட்ட. ஒழுங்கு செய்த அமைப்பின் பெயர் இங்கே தேவையில்லை. டிசம்பர் என்றால் எங்களுக்கு நத்தார் விடுமுறை. வன்னிக்கு அது மாரி. இது எனக்குத் தெரியாமல் இல்லை, பன்னிரண்டு வயது வரை அங்கே வளர்ந்தவன். ஆனாலும் விடுமுறை எப்போது என்றுதான் பார்த்தோமே தவிர மழை எப்போது என்று பார்க்கவில்லை.

அத்திவாரம் வெட்டிய அன்றிரவே மழை பிடித்தது. காலையில் கிடங்கு முழுக்கத் தண்ணீர். வாளியால் இறைத்தோம், மத்தியானம் திரும்ப நிறைந்தது. ஓரம் சரிந்தது. சீமெந்து மூட்டைகளைப் படங்கால் மூடி வைத்தும் ஆறு மூட்டை கல்லாகிவிட்டது. பதினெட்டு நாளில் எங்களால் முடிந்தது அத்திவாரமும் இரண்டு வரிசைக் கல்லும்தான். மிச்சத்தை மாசியில் ஊர் மேசன்மார் கட்டி முடித்தார்கள்.

அதுகூடப் பெரிய காரியமில்லை. மலசலகூடம் கட்டி முடிந்தது, தண்ணீர் இல்லை. பாடசாலைக் கிணறு அந்தப் பக்கம், கட்டடம் இந்தப் பக்கம். மோட்டர், தாங்கி, குழாய் ஒன்றுக்கும் காசு ஒதுக்கவில்லை. இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. அதை நான் 2015இல் தனியாகப் போய்ப் பார்த்தபோதுதான் அறிந்தேன். பிறகு இங்கே நண்பர்களிடம் சேர்த்து மோட்டரும் தாங்கியும் போட்டுக் கொடுத்தோம். அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஒருவரின் ரிக்கற் காசை விடக் குறைவு. இன்றைக்கும் அந்த இரண்டு வருடம் பெண் பிள்ளைகள் எங்கே போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கும்.

செம்பருத்தி எழுதியது:

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றில் செயலாளராக எட்டு வருடம் இருந்தவள். வடதுருவம் தம்பி சொன்ன கதையில் ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. அவருக்கு அது தெரிய வழியில்லை, அது குசினிப் பக்கம்.

எங்கள் ஊருக்கும் ஒருமுறை பன்னிரண்டு பேர் வந்தார்கள். விருந்தாளி வந்தால் சோறு போடாமல் விடுகிற ஊரா இது? சங்கத்துப் பெண்கள் முறை வைத்துச் சமைத்தோம். காலை இடியப்பமோ புட்டோ, மத்தியானம் மீனோ கோழியோ, இரவு திரும்ப. அவர்கள் சாப்பாட்டுக் காசு தந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மார்கழி. பெரும்போகப் பயிர் நிற்கிற நேரம். களை பிடுங்கப் போகிற பெண்கள் அந்தக் கூலியை விட்டுவிட்டு அடுப்படியில் நின்றார்கள். இரண்டு பேர் கணவனை இழந்தவர்கள், அந்தக் கூலியில்தான் சீவியம். ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? நானும் சொல்லவில்லை. செயலாளராக இருந்துகொண்டு சொல்லாமல் விட்டது என் பிழை.

அதனால் தங்கச்சி, வாருங்கள். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சமைக்கிற பெண்களுக்கு நாள்கூலி என்று முதலே எழுதிக் கணக்கில் போடுங்கள். மேசனுக்குக் கூலி எழுதுகிற அதே கொப்பியில் எழுதுங்கள். நன்கொடையாகக் கையில் திணித்தால் அவர்கள் வாங்கக் கூச்சப்படுவார்கள். கூலி என்றால் நிமிர்ந்து நின்று வாங்குவார்கள்.

இன்னொன்று. முன்பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுத்து இணையத்தில் போட வேண்டாம். மூக்குச் சளியோடும் கிழிந்த சட்டையோடும் நிற்கிற படத்தைத்தான் ஆட்கள் தேடி எடுக்கிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து அதைப் பார்க்கும்.

பாலைமரம் எழுதியது:

நான் மேசன். புதுக்குடியிருப்பு. தொழிலுக்கு வந்து முப்பத்தொரு வருடம். எழுத்து எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், மகள் உதவி செய்கிறா.

காட்டாமணக்குத் தம்பி எங்கள் கூலியைப் பற்றிக் கதைத்தது சந்தோசம். ஆனால் இப்போது நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது. மீள்குடியேறி வந்த காலத்தில் ஆள் நிறைய, வேலை இல்லை. 2012 கடைசியில், போரில் வீடு இழந்த சனத்துக்கு இந்தியா காசு தந்த இந்திய வீட்டுத்திட்டம் பெரிதாகத் தொடங்கின பிறகு வேலை நிறைய, மேசன் இல்லை. ஒரே ஊரில் நூறு வீடு ஒரே நேரத்தில் எழும்பினால் மேசனுக்கு எங்கே போவது? அப்போதுதான் கனபேர் தொழில் பழகினார்கள். நான் மட்டும் ஒன்பது பெடியளைப் பழக்கினேன். அவர்களில் இரண்டு பேர்தான் இப்போது ஊரில். மற்றவர்கள் கொழும்பு, கட்டார், துபாய், ஒருவர் பிரான்சில். போன மாதம் ஒரு வீட்டு வேலைக்குக் கையாள் இல்லாமல் நானே கலவை குழைத்து நானே கல் வைத்தேன். ஐம்பத்தாறு வயதில் இடுப்பு விடாது.

அதனால் பிள்ளைகள் வந்தால் என் கூலி போகாது. என்னைக் கேட்டால் மேசன் கரண்டியை அவர்கள் தொட வேண்டாம். கையாளாக நில்லுங்கள். கல் எடுத்துத் தருவது, மணல் அரிப்பது, கலவை குழைப்பது, கட்டின சுவருக்குத் தண்ணீர் விடுவது. இதெல்லாம் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் விடுவதை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை, வன்னியில் கட்டடம் வெடிக்கிறதில் பாதி அதனால்தான். சீமெந்துக் கல்லை அரிந்து அடுத்த நாள் வெயிலில் காயப்போட்டு மூன்றாம் நாள் சுவரில் வைப்பார்கள். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். கொங்கிறீற்றுக்கும் அப்படித்தான். அது முழுப் பலம் எடுக்க 28 நாள் வேண்டும். ஆடியில் சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் காலையில் விட்ட தண்ணீர் பத்து மணிக்கு முன்னம் காய்ந்துபோகும். சாக்கை நனைத்து மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுக்கு ஒரு பிள்ளை முழுநாளும் நின்றால் அந்தப் பிள்ளை செய்தது பெரிய வேலை.

ஒரு விசயம் மறக்க வேண்டாம். கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற்றுப் போடுகிற பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. அதை வாளால் அறுக்கிற இடத்தில் பிள்ளைகள் நிற்கக் கூடாது. எங்களுக்கு ஒருவரும் முன்னம் சொல்லித் தரவில்லை. முகத்தில் துணிகூடக் கட்டாமல் எத்தனை வருடம் அறுத்தோம்.

முல்லைப்பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. செம்பருத்தி அக்கா, உங்கள் பதிலை இரண்டு முறை வாசித்தேன். போன முறை போனபோது பக்கத்து வீட்டு மாமி மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துத் தந்தா. அவ வேலைக்குப் போகாமல் நின்றாவா என்று நான் கேட்கவே இல்லை. இன்று அம்மம்மாவிடம் கேட்டேன். "ஓம், கச்சான் பிடுங்கப் போறதை விட்டுட்டுத்தான் நின்றவ" என்றா.

பாலைமரம் ஐயா, இங்கிலாந்தில் அஸ்பெஸ்டஸ் 1999இலேயே முழுமையாகத் தடை. அங்கே முன்பள்ளிக்கு அதைப் போடுவார்கள் என்று நினைத்தே பார்க்கவில்லை. ஓடு போடுவதற்கு எவ்வளவு கூடும் என்று கேட்டுப் பார்க்கிறேன்.

டிசம்பரைக் கைவிட்டோம். ஆடி, ஆவணியில் வரலாமா?

குளக்கட்டு எழுதியது:

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். கிளிநொச்சி. இதில் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் நீளும்.

வெளியூரில் இருந்து வந்து ஊர் வேலை செய்வது எங்களுக்குப் புதிது இல்லை. 1958இல் ஆரியரத்ன என்ற ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குப் போனார். சர்வோதய இயக்கத்தின் சிரமதானம், கூலி வாங்காமல் ஊர் வேலை செய்வது, தொடங்கியது அங்கேதான். எங்கள் பக்கத்தில், 1970களில் வவுனியாவை மையமாக வைத்துக் காந்தியம் என்ற அமைப்பு வேலை செய்தது. அதைத் தொடங்கியவர்களில் டொக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் முக்கியமானவர்கள். 1977 கலவரத்தில் மலையகத்தில் இருந்து அடிபட்டு வந்த சனத்தை வன்னியில் குடியேற்றினார்கள். படித்த பெடியள் போய்க் காடு வெட்டினார்கள், கிணறு வெட்டினார்கள். இராஜசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா கடைசிக் காலத்தில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து 2015இல் இங்கேயே கண்மூடினார். கட்டடம் கீறத் தெரிந்த ஒரு மனிதர், எந்த நகரத்திலும் வசதியாக இருந்திருக்கலாம்.

உலகத்தில் இந்தத் தொண்டர் முகாம் முறை தொடங்கியதும் போர் முடிந்த ஒரு மண்ணில்தான். 1920இல் சுவிஸ்காரரான பியேர் செரெசோல் பல நாட்டவரைச் சேர்த்துக்கொண்டு பிரான்சில் வெர்டனுக்குப் பக்கத்தில் எஸ்ன் என்ற ஊருக்குப் போனார். முதலாம் உலகப் போரில் தரைமட்டமான ஊர். குழுவில் ஜேர்மனியரும் இருந்தார்கள், அடித்து நொறுக்கிய நாட்டவரே வந்து கட்டிக் கொடுக்கட்டும் என்ற எண்ணம். அருமையான எண்ணம். ஆனால் ஜேர்மனியர் இருப்பதை அங்கே பலரால் பொறுக்க முடியவில்லை, சில மாதத்தில் வெளியேற வேண்டி வந்தது. ஊர் தயாரா என்று கேட்காமல் போனால் நல்லெண்ணமும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அவர் சோர்ந்துபோகவில்லை. 1934இல் பீகாரில் பூமி அதிர்ந்த பிறகு அங்கேயும் போய் ஊர் கட்ட உதவினார்.

எங்கள் அனுபவத்துக்கு வருவோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 5,50,000 ரூபாய், வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வரும். வீட்டுக்காரரே கல் வாங்கி, மேசன் பிடித்து, தானே நின்று கட்ட வேண்டும். அந்தக் காசு காணாமல் கடன்பட்டவர்கள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மணல் விலை ஏற ஏறக் கண்ணீர் விட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் வாசல் எந்தப் பக்கம், சாமியறை எந்த மூலை, அடுப்படி வெளியேயா உள்ளேயா என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். பிறகு 2016 அளவில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் 65,000 இரும்பு வீடு பொருத்தித் தருவதாகத் திட்டம் வந்தது. ஒன்றுக்கு ஏறக்குறைய 21 லட்சம் என்றார்கள். அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே, இரும்புக்குள் வன்னி வெயிலில் எப்படி இருப்பது, எங்கள் மேசனுக்கு இதில் என்ன வேலை என்று எதிர்ப்பு எழும்பியது. அது அந்த வடிவில் நடக்கவில்லை.

தங்கச்சிக்கு என் யோசனைகள். முதலில் காணி யார் பெயரில் என்று பாருங்கள். பிரதேச சபையா, கிராம அபிவிருத்திச் சங்கமா, தனியாரா, வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட இடமா. இது தெளிவில்லாமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். மணல் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் மட்டும் வாங்குங்கள், ஆற்றை இரவில் தோண்டுகிற மணல் மலிவுதான், அதனால் ஊரின் கிணறு வற்றும். கரையோரமாக இருந்தால் கலவைக்கு உவர்நீர் பாவிக்கக் கூடாது, உள்ளே கம்பி துருப்பிடித்துப் பீம் வெடிக்கும். மண்ணைப் பாருங்கள். முருங்கன் பக்கத்துக் களிமண் மழைக்கு ஊதி வெயிலுக்குப் பிளக்கும், அதற்குரிய அத்திவாரம் வேறு. ஒட்டுசுட்டான் பக்கம் பெரும்பாலும் அந்தக் கரைச்சல் இல்லை, என்றாலும் ஒரு கிடங்கு வெட்டிப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

வெட்டுவது என்றவுடன் இன்னொன்று. கண்ணிவெடி முழுதாக முடியவில்லை. துப்புரவு செய்து கையளித்த காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டி ஒரு அடியும் வைக்க வேண்டாம். மண்ணுக்குள் இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்த வழியே திரும்புங்கள். கையில் எடுத்துப் பார்க்கிற ஆசைதான் ஆளைக் கொல்லும்.

விசுவமடுப்பெடியன் எழுதியது:

இந்த இழையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நான் இதே காரியத்தை மற்றப் பக்கம் இருந்து செய்தவன்.

மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்து எங்களுக்கு வீடு கிடைத்தது 2013இல். அப்பா இல்லை. அம்மாவும் நானும் ஒரு மேசன் அண்ணையும் கட்டினோம், அப்படித்தான் தொழில் பழகினேன். 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் செத்துப்போனார்கள். தொலைக்காட்சியில் நீலப் படங்கு கட்டிய கொட்டில்களைப் பார்த்தபோது அம்மா அழுதா. "எங்கட ஆக்கள் மாதிரியே இருக்கு" என்றா. அடுத்த வருடம் ஒரு தொண்டர் குழுவோடு கோர்க்காப் பக்கம் போனேன், இரண்டரை மாதம்.

நான் மேசன் என்ற நினைப்போடு போனேன். அங்கே வீடு கருங்கல்லும் மண்சாந்தும். எனக்குச் சீமெந்துக் கல் வைக்கத் தெரியும், ஒழுங்கில்லாத கருங்கல்லை ஒன்றோடு ஒன்று பொருத்தி அடுக்கத் தெரியாது. முதல் கிழமை நான் வைத்த கல்லை அங்குள்ள வயதான மேசன் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி வைத்தார். கோபிக்கவில்லை. பிறகு நான் கல் சுமந்தேன். மலைப்பாதையில் முதுகுக் கூடையில் சுமக்க அங்கே பெண்கள் என்னை விட வேகம். பாலைமரம் ஐயா சொன்ன கையாள் வேலையைத்தான் செய்தேன். மூன்றாம் கிழமைதான் சுவரில் கை வைக்க விட்டார்.

அவர்களுக்கும் எங்களைப் போலத்தான் உதவி. ஒரு குடும்பத்துக்கு 3 லட்சம் நேபாள ரூபாய், மூன்று கட்டமாக. முதல் 50,000, பிறகு அத்திவாரத்தைப் பொறியியலாளர் பார்த்து ஒப்பமிட்டால் 1,50,000, கடைசியாக ஒரு லட்சம். காசு வரப் பிந்தினால் அந்த வீட்டு அம்மா திண்ணையில் இருந்து யோசிக்கிற மாதிரியைப் பார்க்க எங்கள் அம்மாவின் முகம்தான். பாஷை தெரியாது, ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும்.

ஒரு நல்ல விசயம் படித்துக்கொண்டு வந்தேன். அங்கே சுவரின் அடி, யன்னலின் கீழ், யன்னலின் மேல், கூரையின் கீழ் என்று சுற்றிவர ஒரு பட்டி ஓட வேண்டும், மரத்திலோ கொங்கிறீற்றிலோ. அதிர்ச்சி வந்தாலும் நாலு சுவரும் ஒன்றாக அசையும், பிரிந்து விழாது. எங்களுக்குப் பூமி அதிர்வு அரிது. ஆனால் யன்னலுக்கு மேல் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் வைத்துவிட்டு மிச்சத்தில் காசை மிச்சம் பிடிக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். இப்போது சுற்றிவரப் பீம் ஓட விட்டுத்தான் கட்டுகிறேன். புயலுக்கும் அது நல்லது.

2010இல் எங்கள் ஊருக்கு வெள்ளை வாகனத்தில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். நாங்கள் வேலியோரம் நின்று பார்ப்போம். கோர்க்காவில் நான் அப்படி ஒரு வாகனத்தில் இருந்து இறங்கியபோது வேலியோரம் நின்ற பெடியனைப் பார்த்தேன். அன்றைக்கு முழுதும் ஒருவரோடும் கதைக்க முடியவில்லை. அடுத்த நாளில் இருந்து வாகனத்தில் போகவில்லை, ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் தங்கினேன், வாடகை கொடுத்து.

காட்டாமணக்கு அண்ணை, காசு அனுப்புவது மேல் என்கிறீர்கள். நான் போகாமல் அந்தக் காசை அனுப்பியிருந்தால் அரைவாசிச் சுவர் கூடுதலாக எழும்பியிருக்கும். ஆனால் போகும்போது அந்த மேசனின் பேரன் என்னிடம் கேட்டான், உங்களுக்கு யார் வந்து கட்டித் தந்தார்கள் என்று. நான் சொன்னேன், நாங்களே கட்டினோம், காசு பக்கத்து நாடு தந்தது என்று. அதை அவன் அவன் தாயிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவ உள்ளே போய் எனக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்தா.

காட்டாமணக்கு எழுதியது:

தம்பி, வாசித்தேன். நான் சொன்னதை மாற்றவில்லை, காசும் கட்டாயம் போக வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரிப் போகிறவர்கள் போகட்டும், அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

விசா விசயத்தை ஒருவரும் சொல்லவில்லை. சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லாத வேலையும் அதற்குள் அடங்கும். தங்கச்சியின் ஒன்பது பேரில் இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவர்கள் இங்கே பதிவுள்ள ஒரு அமைப்பின் ஊடாக, அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான செயலகத்தின் சிபாரிசோடு முறையாக விசா எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுபடலாம். உங்களுக்குக் கரைச்சல் வந்தால் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். பிறகு விசாரணைக்குப் பதில் சொல்வது சங்கத் தலைவியும் கிராம அலுவலரும்தான்.

வடதுருவம் எழுதியது:

முக்கியமான விசயம், நாங்கள் அன்றைக்கு யோசிக்கவே இல்லை.

இன்னும் சில. ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள், துருப்பிடித்த தகரம் எங்கும் இருக்கும். மலேரியா இல்லாத நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. டெங்கு இருக்கிறது, நுளம்பு வலை கட்டுங்கள். நிலத்தில் பாய் போட்டுப் படுக்க வேண்டாம், பாம்பு வரும். மாங்குளம் ஒட்டுசுட்டான் வீதியில் இருட்டின பிறகு மோட்டார் சைக்கிளில் திரியவும் வேண்டாம், யானை.

முல்லைப்பேத்தி எழுதியது:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மம்மாவின் ஊர்ச் சங்கத்தோடு தொலைபேசியில் நாலு தரம் கதைத்தேன். முதல் தரம் "நீங்கள் எது செய்தாலும் சந்தோசம்" என்றார்கள். செம்பருத்தி அக்கா தனிமடலில் சொல்லித் தந்த மாதிரி, "முன்பள்ளிக்கு என்ன வேண்டும்" என்று கேட்காமல் "போன வருடம் எந்த மாதம் முன்பள்ளி நடக்கவில்லை, ஏன்" என்று கேட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் நடக்கவில்லை. கொட்டிலுக்கு முன்னால் உள்ள வாய்க்கால் நிரம்பி முழங்கால் தண்ணீர், சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. ஆகவே வாய்க்காலுக்கு மேல் மதகு ஒன்றும், நிலத்தை இரண்டடி உயர்த்துவதும்தான் அவர்களுக்கு முதல் தேவை. சுவர் அதற்குப் பிறகு. நாங்கள் லண்டனில் இருந்து கீறிய படத்தில் மதகே இல்லை.

காணி பிரதேச சபையின் பெயரில். கடிதம் கேட்டிருக்கிறோம். மதகுக்கும் அவர்களுடைய தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். வேலை சித்திரையில் ஊர் மேசன்மாரோடு தொடங்கும், நாங்கள் வருவதற்காகக் காத்திருக்க மாட்டார்கள். கூரைக்கு ஓடு. தண்ணீர்த் தாங்கிக்கும் மோட்டருக்கும் காசு தனியாக எடுத்து வைத்துவிட்டோம், வடதுருவம் அண்ணா.

ஒன்பது பேரில் வருவது நாலு பேர். நாலு பேருக்கும் இரட்டைக் குடியுரிமை. மற்ற ஐந்து பேரும் தங்கள் ரிக்கற் காசைத் தருகிறார்கள், காட்டாமணக்கு அண்ணா. யூலை கடைசியில் இருந்து நாலு கிழமை. ஆகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா, மேசன்மாரில் இரண்டு பேர் போவார்களாம், அந்த மூன்று நாளும் வேலை இல்லை, நாங்களும் போகலாம் என்று இருக்கிறோம். சமையலுக்கு மூன்று பெண்கள், நாள்கூலி கொப்பியில்.

பாலைமரம் ஐயா, சுவருக்குத் தண்ணீர் விடுகிற வேலையை நான் கேட்டிருக்கிறேன். வரும்போது ஏதாவது மேசன் ஆயுதம், சாமான் கொண்டு வர வேண்டுமா?

பாலைமரம் எழுதியது:

ஆயுதம் எல்லாம் இங்கே இருக்கிறது பிள்ளை, சுமக்க வேண்டாம். முள்ளியவளைக் கடையில் மட்டமும் தூக்குக்குண்டும் வாங்கலாம், காசு எங்கள் கடைக்காரனுக்குப் போகட்டும். உன் காலுக்கு அளவான வேலைச் சப்பாத்து மட்டும் கொண்டு வா. பெண் பிள்ளைகளின் அளவில் இங்கே கிடைக்காது. கையுறையும் அப்படித்தான், சீமெந்து தோலைத் தின்னும். என் மகளுக்கும் ஒரு சோடி கொண்டு வந்தால் காசு தருகிறேன், அளவு 37. அவவும் அந்த ஆடியில் என்னோடு வேலைக்கு வருகிறா.